செல்லாத அச்சாரம்

பத்திரத்துல விலையை இப்ப எழுதாதீங்க ரைட்டரய்யா. அந்த எடத்தை வெறுமனே விட்டுட்டு மத்ததை எழுதிக்கிட்டு வாங்க. வாங்குறவன் அடைக்கப்பன், அது நான். விக்கிறவரு ஆவூர் ஆரோக்கியமுத்து. அந்தா, வெளியில புளியமரத்தடியில துண்டை விரிச்சு உக்காந்திருக்காரே, அவருதான். ரோட்டோரப் புஞ்சை, மூணு ஏக்கர்.

விலை தெரியாம எப்புடி ஸ்டாம்பு வாங்குறதுங்கிறீங்க. தெரியும்ங்க. இது மொத நகல்தானே, சொல்றேன்.

நான் பள்ளிக்கூடத்துல படிச்சது மூணாப்பு. மத்ததெல்லாம் பத்திரிகை படிச்சு நானாக் கத்துக்கிட்டது. நிலம் வாங்குறவன் மண்ணை மட்டும் பாத்தாப் போதாதுங்க, பணத்தோட போக்கையும் பாக்கணும். பணம் மலிஞ்சா மண்ணு ஏறும், பணம் இறுகுனா வட்டி ஏறும். அம்பத்தொண்ணு கார்த்திகையில ரிசர்வ் வங்கி வட்டி வீதத்தை மூணுலேருந்து மூணரையாக்குச்சு பாருங்க, அந்தச் செய்தியை நம்ம பக்கம் எத்தனை பேரு படிச்சிருப்பாக? நான் படிச்சேன். அந்த வாரமே கைரொக்கம் பூராத்தையும் திருமயத்துக் கடைக்காரங்களுக்கு வட்டிக்கு விட்டேன்.

இந்தப் புஞ்சையைப் பேசுனது எப்பவா? நாப்பத்தெட்டு தை மாசம். அப்ப சமஸ்தானம் இருந்துச்சு. தொள்ளாயிரம்னு பேசி, வெத்தலையில சமஸ்தானத்து அம்மன் காசு ஒண்ணை வச்சு அச்சாரம் குடுத்தேன். அவரு வேதக்காரரு. ஆனாலும் கண்ணுல ஒத்தி வாங்கிட்டுப் போயி மாதா படத்துக்கு அடியில வச்சாரு. மறுமாசமே சமஸ்தானம் போச்சு, காசும் செல்லாமப் போச்சு.

ஆமா, பத்து வருசம் ஆவப்போகுது. அச்சாரம் குடுத்தாச்சு, விலை அப்புடியே நிக்குது. ரொக்கத்தை எதுக்கு மண்ணுல முடக்கணும்? அங்கிட்டு வட்டி வருது, இங்கிட்டு நெலம் ஏறுது. கிரயத்தை முடிங்கன்னு அவரு கேக்குறப்பல்லாம் பணம் இறுக்கமா இருக்கு, ரிசர்வ் வங்கியே கையை மூடிக்கிருச்சும்பேன். பாவம், அந்த வங்கிக்காகவும் சேத்து வருத்தப்பட்டுட்டுப் போவாரு.

போன மாசம் அவராத்தான் வந்தாரு. எனக்கு வயசாச்சு செட்டியாரே, நான் போயிட்டா எம்புள்ளைக வார்த்தையைக் காப்பாத்துமோ என்னமோ, இருக்கும்போதே எழுதி வாங்கிக்கங்கன்னாரு.

இன்னைக்கு நாலாயிரம் போகும். நாலாயிரமே தாரேன்னு காலையில பஸ்ஸுல சொல்லிப் பாத்தேன். வெத்தலையோட வாங்குன வார்த்தை, தொள்ளாயிரத்துக்கு மேல ஒரு நயா பைசா வேணாங்கிறாரு. அந்த அம்மன் காசை மடியில முடிஞ்சு கொண்டாந்திருக்காரு, கிரயம் முடிஞ்சதும் எனக்கே திருப்பிக் குடுக்க.

லாபந்தானே, விட்டுட்டுப் போங்கங்கிறீங்க. நியாயந்தான்.

அந்த அம்பத்தொண்ணு கார்த்திகையிலயே மில்லு வைக்க எடம் தேடி ஒருத்தரு ரெண்டாயிரம் ரொக்கத்தோட ஆரோக்கியமுத்துக்கிட்ட வந்தாரு. இவரு என்கிட்ட நடந்தே வந்து, அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கங்க, அவசரம்னாரு. பேசி மூணு வருசக் கெடுவும் தாண்டிருச்சு, எழுத்தும் கெடையாது. கோர்ட்டுல நிக்காதுன்னு எனக்குத் தெரியும். வெத்தலையில வாங்கிட்டு வார்த்தை மாறலாமா ஆரோக்கியமுத்துன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். வந்த வழியே திரும்பி நடந்துட்டாரு.

என்ன அவசரமா? சொன்னாரு, சொல்லாம இல்லை. அவரு சம்சாரம் அருள்ராணியைத் திருச்சிக்குக் கொண்டுபோயி வயித்துல ஆபரேசன் பண்ணணும்னாரு. தை பொறக்குறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாக.

நாலாயிரம்னு எழுதுங்க. அந்த வார்த்தை அவரைக் கட்டாதுன்னு தெரிய, அதோட ஒரு வரி சேருங்க. மேற்படி அச்சாரம் 1951-ஆம் வருஷத்திலேயே செல்லாததாகிவிட்டது என்பது கிரயம் பெறுபவருக்கு அப்போதே தெரியும். ஆமா, அச்சடிச்ச மாதிரி அப்புடியே இருக்கட்டும்.

அவருக்கு எழுத்துத் தெரியாது, வழக்கப்படி நீங்கதானே வாசிச்சுக் காட்டணும். அந்த வரி வர்றப்பக் கொஞ்சம் நிறுத்தி வாசிங்க.

நான் அதுக்குள்ள அங்கிட்டுப் போயி ஸ்டாம்பு வாங்கிட்டு வந்துர்றேன்.