என் டிகாஷனும் மேல்வீட்டுப் பாகும்

பெருமதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே! ஒவ்வொரு கோப்பையையும் உதட்டால் தொட்டு, உள்ளத்தால் எடைபோட்டு, ஒன்றை மட்டும் அடிவரை குடித்துவிட்டு அமர்ந்திருக்கும் நடுவர் பெருமக்களே! முன்வரிசையில் போர்வையும் புன்னகையுமாக வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை முகத்தில் காட்டாமல் வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோடு சுவராக நிற்கும் நம் தெருத் தோழர்களே! இந்த இலையுதிர்கால மாலையில் எல்லோருக்கும் என் வணக்கம்.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது என் தொழில். வண்டி வந்தாலும் ஒரே குரல், வராவிட்டாலும் ஒரே குரல். அந்தக் குரலை நம்பித்தான் தலைவர் என்னிடம் வந்து, "காபிப் போட்டியில யார் ஜெயிச்சாலும் வாழ்த்திப் பேசி நீங்கதான் கோப்பையைக் கொடுக்கணும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். யார் ஜெயித்தாலும் என்றாரே தவிர, என் ஓரகத்தி ஜெயிப்பாள் என்று சொன்னாரா? என் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தவள், இதோ இரண்டாம் வரிசையில் மஞ்சள் சால்வையில் மகாராணியாக அமர்ந்திருக்கிறாளே, அவளேதான். அவளை வாழ்த்த வந்திருக்கிறேன். வாய் வாழ்த்துகிறது, வயிறு எரிகிறது!

என்ன சிரிப்பு? பொறாமையே படாதவர் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம். ஒரே ஒரு கை. அதுவும் ஜன்னலைச் சாத்தச் சொல்லும் கை. சாத்துங்கள் ஐயா, குளிர்கிறது.

என் கணவர் எங்கள் வீட்டு முன்னறையில் அமர்ந்து கைக்கடிகாரங்களுக்கு உயிர் கொடுப்பவர். மாலை நாலு மணி ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். "காபி" என்பார். நான் கொடுப்பேன். சொட்டுச் சொட்டாக இறங்கிய டிகாஷன், சுடச்சுடப் பால், அளவான சர்க்கரை! கல்யாணமான நாள் முதல் இன்னொரு காபியை அவர் வாய் நாடியதுண்டா? இன்னொரு சமையலறையை அவர் கால் தேடியதுண்டா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! அதெல்லாம் போன மாதம் வரை.

இலை உதிரத் தொடங்கியது. மாடியிலிருந்து வாசனை இறங்கத் தொடங்கியது. பட்டை வந்தது, பின்னாலேயே கிராம்பு வந்தது, ஜாதிக்காய் வந்தது, சுக்கும் வந்தது. வாசனை படி இறங்கி வந்தது, என் கணவர் படி ஏறிப் போனார். திரும்பி வந்தபோது மீசையில் பால் நுரை.

"எங்க போனீங்க?" என்றேன்.

"சும்மா மேலதான். குழாய் ஒழுகுதுன்னு தம்பி சொன்னான்."

கேளுங்கள் சபையோரே! குழாய் ஒழுகினால் மீசையில் நுரையா வரும்? மறுநாளும் குழாய் ஒழுகியது. அதற்கு மறுநாளும் ஒழுகியது. அந்த வீட்டில் இன்னும் யாரும் மூழ்கிப்போகாமல் இருப்பதே அதிசயம்! நான் போட்டு வைத்த காபி என் மேசையில் ஆடை கட்டிக் கிடந்தது.

"அந்தக் காபியை எப்படிடி போடறே?" என்று போகிற போக்கில் கேட்பதுபோல ஒருநாள் கேட்டேன். மறைத்தாளா? இல்லை! அதுதான் என் வயிற்றெரிச்சலே. மறைத்திருந்தால் மனம் குளிரத் திட்டியிருப்பேன்.

"ஒண்ணுமில்லக்கா. மஞ்சள் பூசணியை வேகவச்சு மசிச்சுக்கங்க. பழுப்புச் சர்க்கரையும் தண்ணியும் விட்டு, பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் பொடி பண்ணிப் போட்டு, சின்னத் தீயில பாகாக் காய்ச்சுங்க. துணியில வடிகட்டிடுங்க. டம்ளர்ல ரெண்டு கரண்டி பாகு, மேல டிகாஷன், அதுக்கு மேல பாலை நல்லா நுரைக்க ஆத்தி ஊத்துங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! காபியில் எனக்கே பாடமா? பாகாம், துணியாம், வடிகட்டலாம்! எல்லாம் கடைசியில் காபிக்குள்தானே போகப்போகிறது என்று, பட்டைப்பொடியை நேராக என் ஃபில்டரில், காபித்தூளின் தலைமேலேயே கொட்டி வெந்நீரை ஊற்றினேன். தாய்மார்களே, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்களே, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது! எனக்குத் தெரியவில்லை. பட்டைப்பொடி வெந்நீரில் கொழகொழவென்று ஊறி, ஃபில்டரின் ஓட்டைகளை எல்லாம் அடைத்துக்கொண்டது. தட்டினேன், இறங்கவில்லை. குலுக்கினேன், இறங்கவில்லை. கெஞ்சினேன், அப்போதும் இறங்கவில்லை! பழைய பல் பிரஷை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தபோது மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒரு சிரிப்பு என் கணவருடையது.

வேதனை அதோடு விட்டதா? ஃபில்டர் சரியானது, ஆனால் டிகாஷன் குறைந்தது. ஊற்றும் தண்ணீர் அதே அளவு, இறங்குவது மட்டும் ஒரு டம்ளர் குறைவு. என் கைப்பக்குவமும் என்னைக் கைவிட்டு மாடியேறிவிட்டதா என்று கலங்கினேன். தூளில்தான் கோளாறு என்று காபித்தூள் கடைக்காரரோடு சண்டைக்கே போனேன். ஐயா, தூண் பக்கம் நிற்கிறீர்களே, உங்கள் தூளில் குற்றமில்லை. குற்றவாளி யார் என்று இப்போது சொல்லப்போகிறேன். மூன்றாம் வரிசையில் மெல்ல எழுந்திருப்பவர் தயவுசெய்து உட்காரவும். ஆமாம், கடிகாரக்காரரே, உங்களைத்தான்!

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவெடுத்து, இந்த வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறினேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். என்ன கண்டேன்? என் கணவர் குடித்துக்கொண்டிருக்கவில்லை, ஊற்றிக்கொண்டிருந்தார்! என் சின்னத் தூக்கிலிருந்து, என் டிகாஷனை, அவள் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, நானே அக்காகிட்ட கேட்டுடறேனே. எத்தனை நாளைக்கு இப்படித் திருட்டுத்தனமா கொண்டு வருவீங்க?" என்கிறாள் இவள்.

"ஐயோ, வேண்டாம்மா! கேட்டா கண்டிப்பா தருவா. தந்துட்டு வருஷம் பூரா சொல்லிக் காட்டுவா."

"நான் போட்டா வெறும் தண்ணியா இறங்குது மாமா. பாகு எவ்ளோ நல்லா வந்தாலும், அக்கா டிகாஷன் விழுந்தாத்தான் அது காபி."

அக்கா டிகாஷன் விழுந்தால்தான் அது காபி! அவள் சொன்னாள், என் காதால் கேட்டேன்! உள்ளே போய் ஒரு பிடி பிடித்திருக்க வேண்டாமா? செய்யவில்லை. சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். இன்று நடுவர்கள் அடிவரை குடித்தார்களே, அதிலும் இருந்தது என் டிகாஷன்தான். காலையில் ஃபில்டரில் ஒரு டம்ளர் குறைந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியும் என்பது இவர்கள் இருவருக்கும் இந்த நிமிஷம் வரை தெரியாது. முகத்தைப் பாருங்கள், புரியும்.

பொறுங்கள். தலைவர் என் பக்கத்தில் வந்து ஏதோ சொல்கிறார். சத்தமாகவே சொல்லுங்கள் தலைவரே.

"இல்லம்மா, டம்ளர்ல இருக்கிறது எல்லாமே போட்டியாளர் அவங்க வீட்லயே தயாரிச்சதா இருக்கணும்னு விதி. நீங்க சொல்றதைப் பார்த்தா, பரிசை மாத்தித்தான் கொடுக்கணும் போலிருக்கே..."

என் ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஆமாம் என்ற ஒரு சொல் சொன்னால் போதும், இந்தக் கோப்பை கை மாறிவிடும். என் நெஞ்சு என்ன சொல்கிறது தெரியுமா? சொல், சொல், சொல்லித் தொலை என்கிறது!

சொல்கிறேன். தலைவர் அவர்களே, எது அவள் வீடு? ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி! கீழே ஓர் அடுப்பு, மேலே ஓர் அடுப்பு, நடுவே ஒரு படிக்கட்டு! கீழே இறங்கிய டிகாஷன் மேலே ஏறினால் அது வெளியூர்ச் சரக்காகிவிடுமா? என் வீடு எந்தப் படியில் முடிகிறது, அவள் வீடு எந்தப் படியில் தொடங்குகிறது என்று கோடு போட இந்த மன்றத்தில் யாருக்குத் துணிச்சல்? என் ஓரகத்தியைக் குறை சொல்ல ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. அந்த ஒருத்தி நான்! வீட்டுக்குப் போனதும் அந்த உரிமையைக் குறைவில்லாமல் பயன்படுத்திக்கொள்வேன். விதி மீறப்படவில்லை. நீங்கள் உட்காருங்கள்.

வாம்மா, மேடைக்கு வா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வா. இந்தா கோப்பை, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று பின்னாலிருந்து ஒரு குரல். தீருமா? சின்னத் தீயில் நின்று பாகு காய்ச்சும் பொறுமை எனக்கு வராது. அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது, நன்றாகவே எரிகிறது. ஆனால் ஒவ்வொரு மாலையும் என் டிகாஷனைத் தன் டம்ளரில் பார்க்கும்போது அவளுக்கும் சுருக்கென்று இருந்திருக்கும் ஐயா! அது தெரிந்த நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஆகவே, என் தொழிற்குரலில் ஓர் அறிவிப்பு. பயணிகளின் கனிவான கவனத்திற்கு! நாளை முதல் என் டிகாஷன் மாடிப்படி ஏறாது. மேல்வீட்டுப் பாகு படி இறங்கி வரும். மாலை நாலு மணிக்கு, என் சமையலறையில், என் மேசையில், ஃபில்டர் பக்கம் நான், பாகுப் பக்கம் அவள். நடுவில் என் கணவர். யார் கை உசத்தி என்று ஒரு வார்த்தை பேசாமல் அவர் குடிப்பார்.

என்னடி முணுமுணுக்கிறாய்? மைக்கில் சொல்.

"வரேன்க்கா. ஆனா டிகாஷன் இறக்க எனக்கும் கத்துக்கொடுக்கணும்."

பார்த்தீர்களா பேராசையை! முதலில் பாகு வரட்டும், பிறகு யோசிக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொங்கிப் பொங்கிச் சிரித்த தாய்மார்களுக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கடிகாரக்காரரே, அந்தத் தூக்கைக் கழுவி இருந்த இடத்தில் வையுங்கள். வருஷம் பூராச் சொல்லிக் காட்டுவேன் என்றீர்களே, அந்த வருஷம் இன்றைக்குத்தான் தொடங்குகிறது. எல்லோருக்கும் வணக்கம்!