இடது காலுக்கு ஒரு சென்டிமீட்டர்

சுதா,

மனிதர்கள் யாருக்கும் இரண்டு கால்களும் சரியாக ஒரே அளவில் இருப்பதில்லை. தேக்கா மார்க்கெட் மாடியில் இருபத்தாறு வருஷமாகக் கால்சட்டை தைக்கிறேன், எனக்குத் தெரியும். மூன்று மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் எப்படியும் வித்தியாசம் இருக்கும். என் வீட்டுக்காரர் கோவிந்தசாமிக்கு மட்டும் இரண்டும் கச்சிதமாக ஒரே அளவு. ராணுவத்துக்கென்றே அளவெடுத்துப் பிறந்த மனிதர்.

உங்கள் அக்குபங்சர் ஊசி வைத்தியத்தில் தப்பில்லை என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். விசாரிக்கிறவர்களிடம் அப்படியே கொடுங்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது என்பதால் கொஞ்சம் முன்கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர் ராணுவத்தில் இருபத்தொன்பது வருஷம் இருந்தார். வாரண்ட் ஆபீசர். பட்டாளத்துப் பையன்களெல்லாம் மலாயில் 'என்சிக், என்சிக்', அதாவது ஐயா, ஐயா என்று நடுங்குவார்கள். பயிற்சி என்று தைவானுக்குப் போவார், புருணைக்குப் போவார், ஆஸ்திரேலியாவுக்குப் போவார். பிள்ளை பெற நான் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சனிக்கிழமை தோ பாயோ வீட்டுக்கு வந்தால் அடுப்புக்குப் பின்னால் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பார், தூசு இருக்கிறதா என்று. ஆயிரம் பையன்களின் பெயர் அவருக்கு மனப்பாடம். என்னை மட்டும் 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவார். கட்டிய மனைவியைக் கஸ்டமர் சர்வீஸ் மாதிரி கூப்பிடுகிற ஆள் ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

லாரியிலிருந்து குதித்துக் குதித்து, முதுகில் மூட்டை சுமந்து சுமந்து, ஓய்வு பெறும்போது இடுப்பு போய்விட்டது. குனிய முடியாது, கட்டிலிலிருந்து தானாக எழ முடியாது. "பூவு, கொஞ்சம் தூக்கிவிடு" என்று ஒருநாள் முதன்முதலாகச் சொன்னார். எனக்குப் பூவம்மா என்று ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் நான்தான் ஷூ கயிறு கட்டிவிட்டேன். முதுகுக்குத் தைலம் தேய்க்கும்போது பழைய கதையெல்லாம் சொல்வார். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று வருஷம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு அவருடைய பழைய சார்ஜண்ட் ரவூப் வந்து, "என்சிக், நம்ம ஆளுங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தனியா ஊசி போடுறாங்க, நல்லா கேக்குதுலா" என்று உங்களிடம் இழுத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் நினைவிருக்கிறதா? கையெறி குண்டைப் பிடித்த கை, உங்கள் கையிலிருந்த முடி போன்ற ஊசியைப் பார்த்ததும் கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டது. முன்னாள் ராணுவத்தார் ஆறு பேர், வரிசையாகக் குப்புறப் படுத்து, முதுகெல்லாம் ஊசியோடு, அசையக் கூடாது என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஐந்தாவது வாரம் கீழே விழுந்த ரிமோட்டை அவரே குனிந்து எடுத்தார். நான் கைதட்டினேன். உங்களுக்குக் கேசரி செய்து கொண்டுவந்தேன். அந்தக் கேசரியில் கபடம் எதுவும் இல்லை.

இரண்டே மாதத்தில் ஷூ கயிற்றை அவரே கட்டிக்கொண்டார். காலையில் ரவூப்போடு நடக்கக் கிளம்பினால் ஆங் மோ கியோ வரை போய், அங்கேயே பரோட்டா தின்றுவிட்டு மத்தியானம்தான் திரும்புவார். அடுப்புக்குப் பின்னால் மறுபடி விரல் போனது. நான் மறுபடி 'ஹலோ' ஆனேன். ஒருநாள் சாப்பிடும்போது, பழைய கூட்டாளிகளோடு கினபாலு மலை ஏறப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

"உனக்கு ஏன்லா? பாதியிலயே மூச்சு வாங்கும். ரவூப் இருக்கான், போதும்."

அவர் சொன்னது நியாயம்தான். எனக்கு மூச்சு வாங்கும்.

அடுத்த நாள் கடையில் மிச்சத் துணி ஒழுங்குபடுத்தினேன். கோட்டுக் காலரை விறைப்பாக்க உள்ளே வைத்துத் தைக்கும் கேன்வாஸ் துணி நிறையக் கிடந்தது. இடது பாத அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அவருடைய ஷூவுக்குள் மெத்தைக்கு அடியில் ஒட்டினேன். ஒரு துண்டு இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு என்று சேர்த்தேன். ஒரே நாளில் செய்தால் கால் கண்டுபிடித்துவிடும், மெதுவாகச் செய்தால் பழகிக்கொள்ளும். அவரிடம் இருப்பது இரண்டே ஜோடி, இரண்டுக்கும் செய்தேன். செருப்பு போட்டு வெளியே போகிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார், அதனால் வேறு கவலை இல்லை. ஷூவை அவரேதான் முகம் தெரியும்படி பாலிஷ் போடுவார். உள்ளே கைவிட்டுப் பார்த்ததில்லை. ராணுவத்தாருடைய பரிசோதனையெல்லாம் வெளிப்பக்கத்தோடு சரி.

ஒரு சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். நான் பேராசைக்காரி இல்லை.

வலி ஒழுங்காகத் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை நீங்கள் எடுத்துவிடுவீர்கள். புதன், வியாழன் நடப்பார். வெள்ளிக்கிழமை, "பூவு..." என்று குரல் வரும். ஒருவர் தைத்ததை இன்னொருவர் பிரிப்பது எங்கள் தொழிலில் சகஜம். கினபாலுவுக்கு ரவூப்பும் மற்றவர்களும் போய் வந்தார்கள். இவர் வீட்டிலிருந்து போட்டோ பார்த்தார். அன்று கொஞ்சம் அழுதார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்படிப் பதினான்கு மாதம். நீங்கள் ஊசிகளை இடம் மாற்றிப் பார்த்தீர்கள், உங்கள் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டீர்கள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா நிக்க மாட்டேங்குது? மத்தவங்க எல்லாருக்கும் கேக்குது, இவருக்கு மட்டும் திரும்பி வந்துடுது. நான் எங்க தப்பு பண்றேன்னே தெரியல" என்று கண் கலங்கினீர்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கும் கேசரி கொண்டுவந்திருந்தேன்.

போன மாதம் உங்கள் கிளினிக் மாடிப்படியில் அவர் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். கோணலாக நடந்து நடந்து இடது கால் மரத்துப்போயிருந்தது போலிருக்கிறது. பதினோரு படி. இடுப்பெலும்பு முறிந்து, முதுகு நரம்பு நசுங்கிவிட்டது. இனி வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நாலு அடி வைத்தாலே பெரிய காரியம் என்கிறார் டாக்டர். ஊசிதான் காலை மரக்க வைத்தது என்று ரவூப் புகார் கொடுத்தார். உங்கள் செவ்வாய்க்கிழமைக் கட்டில்கள் காலியாயின. நான் எதுவும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லையே.

பிறகு, படியில் கழன்று கிடந்த ஷூவை எடுத்துக்கொண்டு நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். உள்ளே இருந்த கேன்வாஸைக் காட்டினீர்கள். பாதம் வலிக்கிறதென்று அவரே வைத்திருப்பார் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நீங்கள் நம்பினீர்கள். ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியும்விட்டீர்கள். போகிற போக்கில்தான் அதைச் சொன்னீர்கள்.

"அவரு பேண்ட்டை நாற்காலியில மடிச்சுப் போடும்போதெல்லாம் பாப்பேன்க்கா, இடது பக்கம் நீளமா இருக்கும். உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலையோன்னு நினைச்சேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் என் தையலை யாரும் கோணல் என்று சொன்னதில்லை.

"கோணல் இல்ல. ஷூவைப் போட்டுக்கிட்டு நின்னா ரெண்டும் சமமா இருக்கும். ஒரு சென்டிமீட்டர் இறக்கித் தைச்சேன்" என்றேன்.

பக்கத்துக் கடையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் பையைக் கீழே வைத்தீர்கள். அந்த மடிப்பை இறக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிற பேண்ட்டோடு என் புருஷன் ஊர் சுற்றுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஐந்து பேண்ட்டையும் ஒரே ராத்திரியில் சரிசெய்தேன்.

ஆக, ஷூவில் வைத்தது நான். பதினான்கு மாதம் வலியைத் திரும்ப வரவைத்தது நான். அவர் விழுந்ததற்கும் நானே காரணம். சுதாவின் கை சுத்தம். கேட்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவரை நான் கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். வலித்த நேரத்தில் ஒரு நாளாவது அவரைத் தனியே விட்டிருக்கிறேனா? நேற்று மட்டும் பதினேழு தடவை 'பூவு' என்று கூப்பிட்டார்.

இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்ட வேண்டும் என்கிறீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். காட்டும்போது நான் அந்த அறையில் இருக்க வேண்டும். கோபத்தில் எழுந்து போகப் பார்ப்பார், தூக்கிவிட என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பூவம்மா