மூன்றாம் நம்பர் லயத்தின் பங்கு

அட்டனிலிருந்து டயகம போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் கைபேசியைப் பார்த்தபடி சொன்னார்.

"மூணாம் நம்பர் லயத்துல இருந்து காசு வந்துருச்சு."

"என்னக்கா சொல்றீங்க? அந்த லயத்து வீட்டு வரிசையத்தான் இடிச்சுத் தேயில நட்டுட்டாங்களே!"

"அதான் சொல்றேன். இந்த வருஷம் காசு கட்டலன்னா நம்ம தோட்டத்து வெப்சைட்ட மூடிருவாங்க, பழைய போட்டோ எல்லாம் போயிரும், ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புங்கன்னு எழுதிப் போட்டேன்ல. நம்ம தோட்டத்து ஆளுக திருவிழாவுக்கு வரி சேக்கிற மாதிரி லயம் லயமா சேத்து அனுப்புறாங்க."

"மூணாம் நம்பர் ஆளுக இப்ப எங்க இருக்காங்க?"

"கத்தார்ல ரெண்டு பேரு, வத்தளையில ஒரு குடும்பம், திருச்சிப் பக்கம் ஒருத்தர். யார் பேரும் வேணாமாம், மூணாம் நம்பர்னு மட்டும் போடச் சொல்றாங்க. அவுங்க பீலிக் குழாயில தண்ணி புடிக்க நின்ன போட்டோ நம்மகிட்ட மட்டுந்தானே இருக்கு."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

"நம்ம லயம் குடுத்துருச்சாக்கா?"

"இல்ல."

"நாமதான் சம்பளம் இல்லாம அந்த வெப்சைட்ட நடத்துறோமே. நாமளும் குடுக்கணுமா?"

"திருவிழாவுக்கு ஓடியாடி வேல செஞ்ச உங்கப்பா வரி குடுக்காம இருந்தாரா? இல்லாத லயமே குடுத்துருச்சு. நம்ம லயத்துக்கு இன்னும் கூரை இருக்கு, வெக்கமா இல்லையா?"

இளையவர் கைப்பையைத் திறந்தார்.