பேசாத பொத்தான்

— கொஞ்சம் இருங்க டீச்சர். இப்ப நீங்க பேசினது நம்ம பாஷைதானே?

— மெதுவாம்மா. கதவச் சாத்திட்டு வந்துடறேன்.

— போன பெத்தவங்க கூட்டத்துல, எங்க வாலுப் பொண்ணுக்கு வயித்து வலின்னு கையாலயும் மூஞ்சியாலயும் நடிச்சே காட்டினேன் உங்ககிட்ட. ஒண்ணும் புரியாத மாதிரி நின்னீங்களே.

— புரிஞ்சுதும்மா. சிரிப்பு வந்துடுச்சு, அதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான். சின்ன கிளாஸ் டீச்சருக்கு இங்கிலீஷ் தவிர எதுவும் தெரியாதுன்னு பசங்க நம்பணும். அப்பத்தான் தண்ணி வேணும்னாகூட இங்கிலீஷ்ல கேப்பாங்களாம்.

— நல்ல கூத்து. மாட்டிக்கிட்டா?

— வேலை போயிடும். போன மாசம் எங்கம்மாவுக்கு ஆபரேஷன். அக்காவோட போன்ல பேசக்கூட, படமெல்லாம் வெக்கிற ரூமுக்குள்ள போய் நின்னுதான் பேசினேன். ஒரு குழந்தை காதுல விழுந்தாலும் என் பொழப்பு போச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுதேன்.

— அடடா. சரி, மொதல்ல உக்காருங்க. நீங்க இப்படி இங்கயும் அங்கயும் நடந்தா எனக்குத் தலை சுத்துது. எதுக்கு வரச் சொன்னீங்க?

— நாளைக்குக் காலையில பெரிய டீச்சர் வந்து ஒவ்வொரு குழந்தையையும் பேசச் சொல்லிக் கேப்பாங்க. உங்க பொண்ணு ஒரு மாசமா வாயே தொறக்கல. நாளைக்கும் அப்படியே நின்னா, மறுபடி ஒண்ணாம் வகுப்புல உக்கார வெச்சுடுவாங்க.

— என் பொண்ணா? டீச்சர், நீங்க வேற யார் வீட்டுப் பொண்ணையோ சொல்றீங்க.

— அவளேதான். முன்னாடியெல்லாம் முதல்ல தூக்கற கை அவளோடதுதான். படம் காட்டிப் பாத்தேன், பாட்டு பாடிப் பாத்தேன், என் பக்கத்துல நாற்காலி போட்டுக் குடுத்தேன். உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு என்னையே பாக்கறா. நான்தான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன். வேகமாப் பேசறேனா? கோவமா ஏதாவது சொல்லிட்டேனா? ராத்திரி படுத்தா இதேதான்.

— அட, கேளுங்க. நான் மிஷின்ல உக்காந்து தச்சுக்கிட்டு இருப்பேன். இவ என் டப்பால இருக்கிற பொத்தானயெல்லாம் தரையில அடுக்கி வெச்சுக் கிளாஸ் எடுப்பா. சிட் டவுன், லிசன், வெரி குட். அப்படியே உங்க குரல்தான். புருவத்தத் தூக்கறது வரைக்கும்.

— இங்கிலீஷ்லயா? முழுசாவா?

— கேக்கற எனக்குத்தான் புரியல, அந்தப் பொத்தானுங்களுக்கெல்லாம் புரியுது போல. ஒரே ஒரு கறுப்புப் பொத்தான மட்டும் தனியா ஓரமா வெச்சிருப்பா. அது பேசாதாம். ஏன்டின்னா, அதுக்கு ஒரு விஷயம் தெரியுமாம், வாயத் தொறந்தா வெளிய விழுந்துடுமாம்.

— என்ன விஷயம்னு கேட்டீங்களா?

— பொத்தான்கிட்ட என்னத்தக் கேக்கறது டீச்சர்? தச்சுக் குடுக்க வேண்டியது அப்படியே கெடந்துது.

— ஐயோ, நாளைக்கு அவங்க வந்து நிப்பாங்களே.

— அவளையே கேட்டுட்டாப் போச்சு. வெளிய பெஞ்சுலதானே இருக்கா. வாலு, உள்ள வாடி.

— வேண்டாம்மா, அவ முன்னாடி நான்... கம் இன், டியர். சிட் டவுன்.

— அம்மா, கத்தாத. மொதல்ல கதவச் சாத்து.

— பாத்தீங்களா, இவளும் உங்கள மாதிரியே. ஏன்டி, வீட்ல அந்தப் பேச்சு பேசறவ, கிளாஸ்ல ஏன் ஊமையாட்டம் உக்காந்திருக்க? டீச்சர் கண்ணப் பாரு, எப்படிக் கலங்கிப் போயிருக்காங்க.

— டெல் மீ, டியர். ப்ளீஸ்.

— அழாதீங்க டீச்சர். நான் வாயே தொறக்கல, யாருக்கும் தெரியாது. உங்கம்மாவுக்கு இப்ப உடம்பு தேவலையா?