போரின் விளைவாக ஒரு மயிலாப்பூர் வீடு

மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள். மூத்தவர் கையிலிருந்த விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, கோபத்தோடு உரக்கவே படித்தார்:

“‘போரினால் எங்கள் குடும்பம் நல்ல நிலைக்கு வந்தது.’ கேட்டியா சரோஜா?”

“என்ன கேள்வி கேட்டீங்க டீச்சர்?”

“உலகப்போர் சமுதாயத்தை எப்படிப் பாதிச்சதுன்னு கேட்டேன். பஞ்சம், விலைவாசி, ரேஷன்னு ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். இவ என்னடான்னா, ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு மெட்ராஸே காலி பண்ணிண்டு ஓடித்தாம், அப்போ மயிலாப்பூர்ல ஒரு வீட்டை இவ தாத்தா அடிமாட்டு விலைக்கு வாங்கினாராம், அப்படின்னு எழுதி வச்சிருக்கா!”

“நடந்ததுதானே டீச்சர்? எங்க தெருவிலேயே அப்படி வீடு கை மாறியிருக்கு. மார்க் போடுங்க.”

“புஸ்தகத்துல இல்லையே!”

“இல்லாட்டி என்ன? சின்னப் பொண்ணு, போனாப் போவுது. பாதியாவது போடுங்க.”

“நீ சுலபமா சொல்லிடுவே. அந்த ஆத்தை வித்துட்டு கும்பகோணத்துக்கு ரயிலேறினது எங்கப்பா. இப்போ அதே ஆத்துப் பின்கட்டுலதான் இருக்கோம், இவ தாத்தாவுக்கு வாடகை கொடுத்துண்டு.”

பஸ் வந்தது. சரோஜா ஏறினார். பின்னாலேயே ஏறிய மூத்தவர், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, தாளைக் கட்டுக்குள் திணித்தார்.

“தப்பா எழுதித் தொலைச்சிருந்தாளானா, நிம்மதியா சைபர் போட்டிருப்பேன்.”