படுதாவுக்குப் பின்னால் நீலக்கிளி

— இதுக்கே நீ சிரிக்கலேன்னா மனுஷனே இல்ல மாப்ளே. டிரைவர் சீட்டுல உக்காந்துகிட்டு உம்முனு ஸ்டியரிங்கைப் பாத்தா எப்படி?

— மாமா, பின்னாடி சீட்டுல இருக்கறது...

— தெரியும், தெரியும். ஏறும்போதே பாத்துட்டேன். கால் வலி, அதானே? ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தர் இப்படி வண்டியிலயே தங்கிடுவாங்க. "கண்ணை மூடிப் படுங்க மேடம், மத்தவங்க கடையில பொம்மை வாங்கிட்டு வந்ததும் கிளம்பிடலாம்"னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். பதிலே காணோம், பாவம். நம்ம பேச்சு அவங்களுக்கு எங்க புரியப்போகுது? நீ தாராளமாப் பேசு.

— மாமா, அவங்க... சரி. ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க. இன்னிக்கு சுத்திப் பாக்க வந்தவங்க என்ன கேட்டாங்க?

— தர்பார் மண்டபத்துல சிம்மாசனத்துக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வெச்சு, ராஜா எப்படி நடந்து வருவாரு, எப்படி உக்காருவாருன்னு நடிச்சே காட்டறேன். ஒருத்தர் கையைத் தூக்கி, "ராஜா இன்னிக்கு லீவா?"ங்கறாரு. "ஆமா சார், இருநூறு வருஷமா லீவுலதான் இருக்காரு"ன்னேன். சிரிப்பாருன்னு பாத்தா, "எங்க கம்பெனியில இவ்ளோ லீவெல்லாம் தரமாட்டாங்க"ன்னு பெருமூச்சு விடறாரு! போன வாரம் ஒரு பொண்ணு கோபுர உச்சியில உக்காந்திருந்த புறாவைக் காட்டி, "இதுவும் அந்தக் காலத்துதா?"ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல? "இல்ல மேடம், இது ரிப்பேர் பண்ணும்போது புதுசா வெச்சது"ன்னேன். நம்பிடுச்சு.

— ம்.

— என்ன ம்? காசு குடுத்துச் சிரிக்கற விஷயம் இதெல்லாம். இன்னொண்ணு கேளு. வாசல்ல ஒவ்வொருத்தரையும் தோளைத் தட்டித் தட்டி உள்ள விடுவேன்ல? அதை ஆசீர்வாதம்னு நெனச்சுட்டாங்க! வரிசையா வந்து கண்ணை மூடித் தலையைக் குனியறாங்க. ஒரு கிழவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போய், சுத்திக்கிட்டு வந்து மறுபடியும் வரிசையில நின்னுட்டாரு. எனக்குக் கணக்குல ஒரு ஆள் கூடிப்போச்சு. யாரு வீட்டு ஆளோன்னு அரண்மனை பூரா தேடினேன்.

— எதுக்கு மாமா தோளைத் தட்டி எண்ணறீங்க? முன்னெல்லாம் நின்ன இடத்துலருந்து ஒரு பார்வை பாப்பீங்க, எத்தனை பேருன்னு சொல்லிடுவீங்க.

— அது ஒரு ஸ்டைலுப்பா. தொட்டுப் பேசினா அவங்களுக்குப் பிடிக்குது.

— அப்படியா.

— அப்படித்தான். இன்னிக்கு நீலக்கிளி கதை சொன்னேன் பாரு, நீ வந்து கேட்டிருக்கணும். அந்தப்புரத்துச் சுவத்துல இருக்கே, ராணி கையில உக்காந்துகிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்குமே, அந்தக் கிளி. சண்டைக்குப் போன ராஜா திரும்பி வரல. ராணிக்குச் சொல்ல யாருக்கும் தைரியமில்ல. கிளிக்கு மட்டும் தெரியும், ஆனா அது வாயைத் திறக்கல. "அந்தக் கண்ணைப் பாருங்க, எல்லாம் தெரிஞ்ச கண்ணு"ன்னு கையை நீட்டினேன். அவ்ளோ பேரும் கப்சிப். ஒரு அம்மா மூக்கைச் சிந்தறாங்க. அப்புறம் டிக்கு டிக்குன்னு போட்டோ சத்தம். நம்ம தொழில்ல இதுக்கு மேல என்ன வேணும் சொல்லு?

— வாட்ச்மேன் வந்து சொன்னாரு மாமா.

— சொல்லியிருப்பான். அவனும் அங்கதான் நின்னான்.

— அந்தச் சுவத்துல படம் இல்ல மாமா.

— என்னடா உளர்றே?

— பூச்சு உதிருதுன்னு நேத்து சாயங்காலமே மூடிட்டாங்க. மேலருந்து கீழ வரைக்கும் படுதா தொங்குது. சிமெண்ட் கறை படிஞ்ச பழைய படுதா. நீங்க அதைக் காட்டித்தான் "கண்ணைப் பாருங்க"ன்னு சொல்லியிருக்கீங்க. அவங்க அதைத்தான் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. வாட்ச்மேன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

— ...அது வந்து, வேணும்னுதான் மாப்ளே. படம் இல்லேன்னாலும் கற்பனையிலயே பாக்க வெச்சேன் பாத்தியா? அதுதான் கைடுங்கறவன் திறமை.

— மாமா.

— என்ன?

— நான் எத்தனை விரல் காட்டறேன்?

— சின்னப் பிள்ளை மாதிரி விளையாடாதே.

— சொல்லுங்க மாமா.

— ...ரெண்டு.

— நான் கையே தூக்கல. எப்போலருந்து மாமா?

— வலது கண்ணு போய் ஒரு வருஷம் ஆச்சு. இடது இப்போதான். நடுவுல ஒரே புகை. ஓரத்துல மட்டும் ஏதோ தெரியும். வெயில்லருந்து வண்டிக்குள்ள ஏறினா அதுவும் போச்சு. டாக்டர் நல்ல மனுஷன், சுத்தி வளைக்கல. நரம்பு காஞ்சுபோச்சு, ஆபரேஷனும் இல்ல, கண்ணாடியும் இல்ல, இருக்கற வரைக்கும் பாத்துக்கோங்கன்னுட்டாரு. எல்லாருக்கும் உடம்பு இருக்கு மாப்ளே, சட்டை இருக்கு, மூஞ்சி மட்டும் இல்ல. படி எங்க, தூண் எங்கன்னு காலுக்கே தெரியும். அதை வெச்சு ஓட்டிட்டேன். படுதா போடுவானுங்கன்னு நான் கண்டேனா?

— இதோடயா தினமும் அவ்ளோ பேரைக் கூட்டிட்டுப் போறீங்க? அரண்மனைக் கிணத்தடிப் பக்கம் கைப்பிடிகூடக் கிடையாது! உங்களை நம்பி வர்றாங்க மாமா. யாராவது விழுந்திருந்தா?

— திட்டு. நல்லாத் திட்டு. நானே என்னைத் திட்டிக்காத நாள் இல்ல. ஆனா ஆபீஸ்ல தெரிஞ்சா அன்னிக்கே பேட்ஜைக் கழட்டி வாங்கிடுவான். அப்புறம் நான் யாரு? பேசறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? யார்கிட்டப் போய்ப் பேசுவேன்?

— அக்காகிட்ட சொன்னீங்களா?

— டேய்! உங்க அக்கா காதுல இது விழவே கூடாது. சத்தியம் பண்ணு.

— ஏன் மாமா?

— தெரிஞ்சா நாளையிலருந்து என்னை நாற்காலியில உக்கார வெச்சு ஊட்டி விடுவா. ராத்திரி எனக்குத் தெரியாம அழுவா. நான் அதைக் கேட்டுக்கிட்டே தூங்கற மாதிரி நடிக்கணும். என்னால முடியாதுடா. வீட்டுல நான் நல்லாத்தான் சமாளிக்கறேன். செருப்பு, சீப்பு, தண்ணிச் செம்பு, எல்லாம் வெச்ச இடத்துல இருக்கு. நல்லவேளை, அவ எதையும் இடம் மாத்தறதே இல்ல.

— ஏன் மாத்தறதில்லன்னு யோசிச்சீங்களா? மாசத்துக்கு ஒரு தடவை கட்டிலையும் பீரோவையும் இழுத்துப் போடலேன்னா தூக்கம் வராது அவளுக்கு.

— ...அவ உன்கிட்ட ஏதாவது கேட்டாளா?

— நீங்க முதல்ல சொல்லுங்க. அவளை நெனச்சா உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?

— என்னடா தோணும்? கடைசியா அவ மூஞ்சியை எப்போ தெளிவாப் பாத்தேன்னு ஞாபகம் இல்ல மாப்ளே. அதுதான் என்னை அறுக்குது. ஏதோ ஒரு சாதாரண நாளா இருந்திருக்கும். காபியில சக்கரை பத்தலன்னு எரிஞ்சு விழுந்திருப்பேன். அதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கூடுதலா பாத்து வெச்சிருப்பேன். ஊரான் ஊரான் வந்து பாக்கற சுவரெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டுல இருந்த ஒரு மூஞ்சியை மனப்பாடம் பண்ணத் தோணல பாரு.

— மாமா, போதும்.

— அவகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லு.

— நான் சொல்லலை மாமா. சத்தியமா நான் சொல்லலை. கொஞ்சம் பின்னாடி திரும்புங்க.

— திரும்பி என்ன தெரியப்போகுது? இரு இரு, அந்த அம்மா அழற மாதிரி இருக்கே. கால் வலி ஜாஸ்தியாயிடுச்சு போல. மேடம், ஆர் யூ ஓகே?

— எனக்குக் கால் வலியெல்லாம் இல்லைங்க. கண்ணை மூடிப் படுங்க மேடம்னு என் மூஞ்சியைப் பாத்துத்தாங்க சொன்னீங்க.