கிணற்றுக்கரை பல்பும் ஆறரை மணி வண்டியும்

பொம்மை ரயில்நிலையத்துக்கு விளக்கு வைக்கும்போது எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், ஜெயசிங் சார். வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்டினால் பொம்மை பொம்மையாகவே தெரியும். குறைத்தால்தான் அது ஊராகும்.

எனக்கு இது தெரியும். ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் விளக்குக்காரனாக இருந்தவன். சிக்னல் விளக்குகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து, சாயங்காலம் கம்பத்தில் ஏற்றுவேன். எந்த விளக்கு எந்தக் கம்பத்துக்கு என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியும் வைப்பேன். கனகதாஸ் ஏற்றிய விளக்கு அம்பூரி மலையில் நின்று பார்த்தாலும் தெரியும் என்று அமரவிளை முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான். ஆனால் ஒரு விளக்கைக்கூட நான் அணைய விட்டதில்லை என்பது உண்மை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற வருஷம் மகன் வினீத் துபாயிலிருந்து ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்தான். பின்னறைக் கட்டிலில் பலகை போட்டு பாறசாலை ஸ்டேஷனை அப்படியே கட்டினேன். தீப்பெட்டியில் கட்டடம், கமுகம்பாளையில் கூரை, டார்ச் பல்புகளின் மேல் மஞ்சள் மிட்டாய்த்தாள். பார்க்க வந்த பாதிரியார் பெட்டியோடு பிளாட்பாரத்தில் ஏறப் போனார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

குறை ஒன்றுதான். அறை ஜன்னலுக்கு நேரே கிணறு. கிணற்றுக்கரையில் நூறு வாட் பல்பு. ஆறரை மணிக்கு என் வண்டி வளைவு திரும்பும்போது அந்த வெளிச்சம் உள்ளே பாய்ந்து என் அந்தியைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஜன்னலைச் சாத்தலாமே என்பீர்கள். சாத்தினால் என் ஸ்டேஷனுக்கு வானம் இருக்காது.

அதனால் ஒரு நாள் அந்தப் பல்பை ஹோல்டரில் லேசாகத் திருப்பிவிட்டேன். அவ்வளவுதான். பியூஸ் போய்விட்டது என்று ஆனந்தபாயிடம் சொன்னேன். என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. கிறிஸ்மஸ் கழிந்து ஆபரேஷன் வைத்திருந்தோம்.

"புதுசு வாங்கிப் போடுங்கண்ணு எத்தன தவண சொல்லணும்? இந்த வீட்டுல மனுசருக்கு வெளிச்சம் இல்ல, பொம்மைக்கு உண்டு, பாத்தியளா?" என்றாள்.

"வோல்டேஜ் சரியில்ல பிள்ளே. புதுசு போட்டாலும் அடிச்சுப் போவும். நாளைக்குப் பாக்கலாம்."

"உங்க நாளைக்கு, கிறிஸ்மஸுக்கு முந்தி வருமா?"

நன்றாகப் பேசுவாள். நான் சிரித்தேன்.

ஐப்பசியில் பெய்த துலா மழையில் கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கண்ணால் பார்க்க முடிந்தது எனக்கு மட்டும். சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் அவள் தண்ணீர் இறைப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

பல்பைத் திருப்பி ஒரு மாதம் கழிந்து, ஒரு நாள் நான் ஆசைப்பட்ட அந்தி வந்தது. வோல்டேஜ் இறங்கி, என் குட்டி விளக்குகளெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி சிவந்து நின்றன. முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு ஸ்டேஷனை நான் பார்த்ததில்லை. வண்டி வளைவில் திரும்பியது. அப்போதுதான் வெளியே தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம்.

பிறகு அவள் குரல், ஆழத்திலிருந்து.

"இஞ்சேருங்க... லைட்டப் போடுங்க... கயிறு எங்க கெடக்குண்ணு தெரியல்ல."

கயிறு அவளுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. வண்டி பிளாட்பாரத்துக்கு வர நாற்பது விநாடி ஆகும். அது வந்து நிற்கட்டும் என்று இருந்தேன். பாதி வழியில் நிறுத்துவது ரயில்வே பழக்கமில்லை.

வண்டி நின்றதும் வெளியே வந்தேன். பல்பை ஒரு தடவை திருப்பினால் போதும், எரிந்திருக்கும். அவள் கயிற்றைப் பார்த்திருப்பாள். ஆனால் ஒரு மாதமாகப் பியூஸ் போன பல்பு எப்படி எரிந்தது என்று நாளைக்கு அவளே கேட்பாளே. ஆகவே உள்ளே போய் ஸ்டூலும், பியூஸ் போன வேறொரு பல்பும் எடுத்துவந்தேன். நல்லதைக் கழற்றி, கெட்டதை மாட்டி, நல்லதைப் பொம்மை ரயில் வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். அதற்குள் அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். நான்காவது தடவை கூப்பிடவில்லை. அதன் பிறகுதான் நான் அலறினேன். ஊரே திரண்டு வந்தது. ஊர் என்றால் ஆறு பேர்.

"எல்லாம் இந்த நாசமாப்போன வோல்டேஜ் ஆக்கும், அத்தான்," என்று அவள் தம்பி ராஜையா என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அடக்கத்துக்கு வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நம்மூரில் வோல்டேஜ் மேல் எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தபோது ராஜையா அந்த அட்டைப்பெட்டியைத் திறந்திருக்கிறான். பல்பின் பித்தளையில் சிவப்புப் பெயிண்டில் என் கையெழுத்து: 'கிணறு'. கொண்டுபோய் மாட்டினான். எரிந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உங்களைக் கூட்டிவந்தான்.

அவள் விழுந்தது தானாகத்தான், சார். நான் தள்ளவில்லை. இருட்டு மட்டும் என்னுடையது.

அந்தப் பல்பைக் கொஞ்சம் பார்த்துப் பிடியுங்கள், உடைத்துவிடாதீர்கள். என் கைப்பட்ட விளக்கு ஒன்றுகூட இன்றுவரை அணைந்ததில்லை.